ஆராதனைக் குழுவில் பக்தியும் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் கத்தோலிக்கப் பங்குகளில் பாடற்குழு, லுத்தரன் சபைகளில் கொயர், பெந்தெகொஸ்தே சபைகளில் ஒர்ஷிப் டீம் என்று பெயர் மாறும். பயிற்சிக்குப் போகிற இடங்களில் கேட்கிற கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

பக்தி முக்கியமா, பாட்டுத் திறமை முக்கியமா?

இதைக் கேட்கிறவர் மனதில் பெரும்பாலும் ஒரு ஆள் இருப்பார். அற்புதமாக வாசித்துவிட்டுப் பிரசங்கம் ஆரம்பித்ததும் வெளியே போய் நிற்கும் கீபோர்டு தம்பியாக இருக்கலாம். கண்ணீரோடு பாடி, ஆனால் தாளத்தை விட்டுவிடும் அக்காவாக இருக்கலாம். அதனால் இந்தக் கேள்வி உண்மையில் "இவரை என்ன செய்வது" என்ற கேள்விதான். அதற்குக் கீழே வருகிறேன்.

பொதுவாகக் கேட்டால், நான் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். முன்னால் உட்கார்ந்திருக்கும் மக்கள் பாடுகிறார்களா? பாட்டியம்மா, பின்வரிசையில் சாய்ந்து நிற்கும் கல்லூரிப் பையன், குழந்தையைத் தோளில் போட்டிருக்கும் தாய், இவர்கள் வாய் திறக்கிறார்களா? குழுவின் வேலை அவர்களைப் பாட வைப்பது. ஸ்ருதி விலகினால் அவர்களால் பாட முடியாது, அங்கே திறமைக் குறைவு அவர்களைத் தடுக்கிறது. ஒரே வரியை நாலு விதமாக இழுத்து அலங்கரித்தாலும் அவர்களால் பாட முடியாது, அங்கே திறமையே தடுக்கிறது. ஞாயிறு எட்டரை மணிக்கு மைக்கைக் கையில் எடுக்கும்போது இந்த இரண்டு ஆபத்தும் எனக்கு ஒரே அளவில்தான் தெரிகிறது.

பயிற்சி செய்யாமல் வந்து நின்று, "ஆண்டவர் இருதயத்தைத்தான் பார்க்கிறார்" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அவர் இருதயத்தைப் பார்க்கிறார், சரி. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அந்த இருதயம் எங்கே இருந்தது என்பதையும் அவர் பார்த்திருப்பார்.

வேதம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

தைரியமாகச் சொல்லலாம், வேதம் திறமையை விரும்புகிறது. சங்கீதம் 33:3 வாத்தியங்களை நேர்த்தியாய் வாசிக்கச் சொல்கிறது. 1 நாளாகமம் 15ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவரும்போது பாட்டுக்குப் பொறுப்பாகக் கெனானியாவை வைக்கிறார்கள். அவன் அதில் நிபுணன் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். சவுலுக்கு ஆள் தேடியபோதும் நன்றாக வாசிக்கத் தெரிந்தவனைத்தான் தேடினார்கள், அப்படித்தான் தாவீது அரண்மனைக்குள் வந்தான். 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில் பயிற்சி பெற்ற பாடகர்கள் 288 பேர் என்று எண்ணிக்கையோடு இருக்கிறது. பெரியவன், சிறியவன், ஆசான், மாணாக்கன் என்று பார்க்காமல் சீட்டுப்போட்டு அவர்களுக்கு முறை பிரித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விவரம் இதுதான். மூத்த பாடகர் என்பதால் ஈஸ்டர் எப்போதும் எனக்குத்தான் என்று யாரும் அங்கே சொல்ல முடியாது.

ஆனால் அதே வேதத்தில் ஆமோஸ் 5:23ம் இருக்கிறது. உங்கள் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள், உங்கள் வீணைகளின் ஓசையைக் கேட்கமாட்டேன் என்கிறார் கடவுள். அந்த வீணைகள் ஸ்ருதி தப்பியிருந்ததாக ஆமோஸ் எங்கேயும் குறை சொல்லவில்லை. ஏழையை மிதித்துவிட்டு வந்து பாடினார்கள், அதுதான் குற்றம். அடுத்த வசனம் நியாயமும் நீதியும் ஆற்றைப் போலப் புரண்டு வரட்டும் என்கிறது. குழுவின் பக்தியைப் பற்றிப் பேசும்போது நாம் கண்ணீரையும் கையுயர்த்தலையும் மட்டும் பார்க்கிறோம். ஆமோஸ் பார்த்தது வாரத்தின் மற்ற ஆறு நாட்களை.

நன்றாகப் பாடுகிறார், ஆனால் விசுவாசத்தில் ஊன்றியவராகத் தெரியவில்லை. குழுவில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் எங்கே நிறுத்துகிறோம் என்பது வேறு விஷயம். பேஸ் கிட்டார் வாசிப்பதும், மைக்கைப் பிடித்து "வாருங்கள், ஜெபிப்போம்" என்று மக்களை நடத்துவதும் ஒரே பொறுப்பு இல்லை. நடத்துகிறவரிடம் சபை ஒரு சாட்சியை எதிர்பார்க்கிறது, அது நியாயம். வாசிக்கிற 17 வயதுப் பையனிடம் அதே சாட்சியைக் கேட்டால் அவன் ஒன்று பொய் சொல்வான், இல்லை ஓடிவிடுவான். இசை வழியாக ஆலயத்துக்குள் வந்து, பிறகு இசையைத் தாண்டி உள்ளே போனவர்கள் நிறையப் பேர்.

ஒரே நிபந்தனை வைக்கலாம்: பாடி முடித்ததும் வெளியே போகக்கூடாது. பிரசங்கத்துக்கு உட்கார வேண்டும், பந்தியிலோ திருவிருந்திலோ முடிந்தவரை சேர வேண்டும். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் சண்டை வராது.

பக்தி நிறைந்த ஒரு அக்காவுக்கு ஸ்ருதி சேரவே இல்லை. எப்படிச் சொல்வது?

அதிகம் வலிக்கிற கேள்வி இது. பல குழுக்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கின்றன: சவுண்ட் பார்க்கும் தம்பியிடம் கண்ணைக் காட்டி, அந்த அக்காவின் மைக்கை மட்டும் மிக்சரில் இறக்கிவிடுவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அவர் ஆண்டவர் முன்னால் முழு மனதோடு பாடிக்கொண்டிருக்கிறார், நாம் அவர் முதுகுக்குப் பின்னால் அவரை ஏமாற்றுகிறோம். என்றாவது ஒருநாள் அவருக்குத் தெரிய வரும். அன்று அவர் குழுவை மட்டுமல்ல, சபையையே விட்டுப் போனாலும் ஆச்சரியமில்லை.

முதலில் காரணத்தைத் தேடுங்கள். ஸ்ருதி தப்புகிறவர்களில் பலருக்குக் காது நன்றாகவே இருக்கும், தன் குரல் தனக்குக் கேட்காததுதான் சிக்கல். டிரம்ஸுக்குப் பக்கத்தில், மானிட்டர் (பாடுகிறவர் பக்கம் திருப்பி வைக்கும் ஸ்பீக்கர்) இல்லாமல் நின்றால் யாருக்கும் தப்பும். இடத்தை மாற்றிப் பாருங்கள். அடுத்தது ஸ்கேல், அதாவது பாட்டை எந்தச் சுருதி உயரத்தில் எடுக்கிறோம் என்பது. பாட்டு அவர் குரலுக்கு மேலே இருந்தால், எட்டிப் பிடிக்கப் போய் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழேயே நிற்பார். இரண்டு ஸ்கேல் இறக்கினால் திடீரென்று சேர்ந்துவிடும்.

இரண்டும் இல்லையென்றால் தனியாக உட்கார்ந்து பயிற்சி கொடுக்கலாம். கீபோர்டில் ஒரு ஸ்வரத்தை அழுத்தி "இதைப் பாடுங்கள்" என்றால் பயந்துவிடுவார். மாற்றிச் செய்யுங்கள். "அக்கா, உங்களுக்கு வசதியான ஒரு சத்தத்தில் 'ஆ' சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் பாடும் ஸ்வரத்தைக் கீபோர்டில் நீங்கள் கண்டுபிடியுங்கள். இரண்டும் ஒன்று சேரும்போது காதுக்கு எப்படி இருக்கிறது என்பதை முதல்முறையாக அவர் உணர்வார். அங்கிருந்து அரை ஸ்வரம் மேலே, அரை ஸ்வரம் கீழே என்று நகரலாம். வீட்டில் போனில் சுருதிப்பெட்டி ஆப் போட்டு, வாயை மூடித் தினமும் கொஞ்ச நேரம் ஹம் செய்யச் சொல்லுங்கள். சில மாதங்களில் பலரிடம் மாற்றம் தெரியும்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் நேராகச் சொல்ல வேண்டும். வாட்ஸப்பில் சொல்லாதீர்கள், குழுவின் முன்னாலும் சொல்லாதீர்கள். போதகரோ குழுத் தலைவரோ வீட்டுக்குப் போய், காபி குடித்துக்கொண்டே சொல்லலாம்: "அக்கா, மைக்கில் பாடுவது உங்களுக்கும் கஷ்டமாக இருக்கிறது, எங்களுக்கும் தெரிகிறது. ஆனால் சங்கீதம் வாசிக்க, ஜெபத்தை நடத்த உங்களைப் போல எங்களிடம் யாரும் இல்லை." இது ஆறுதலுக்குச் சொல்கிற பொய்யாக இருக்கக்கூடாது. உண்மையிலேயே அந்தப் பொறுப்பை அடுத்த ஞாயிறே கொடுக்க வேண்டும்.

எந்த ஸ்கேலில் பாடுவது? தலைவரின் குரலுக்கா, சபைக்கா?

சபைக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பயிற்சி இல்லாத சாதாரணக் குரல்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை இது: பெண் குரலில் நடு சி-க்குக் கீழே உள்ள ஏ-யிலிருந்து மேல் ஸ்தாயி டி வரை. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். மேல் டி-யைத் தாண்டி மெட்டு அடிக்கடி போனால் ஆண்கள் வாயை மூடிவிடுவார்கள், பெண்கள் கத்தத் தொடங்குவார்கள். ரெக்கார்டிங்கில் கேட்டு மயங்கிய பாடலை அதே ஸ்கேலில் எடுக்கும்போது நடப்பது இதுதான். அந்தப் பாடகர் தொழில்முறைப் பாடகர், உயர்ந்த குரல். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிறு காலை, தூக்கம் கலைந்தும் கலையாமலும் வந்து நிற்கும் மக்களுக்கு அது எட்டாது. அதிகாலைப் பூசை என்றால் இன்னும் ஒரு ஸ்கேல் இறக்குங்கள், அந்த நேரத்தில் குரல்கள் கனமாக இருக்கும்.

கீபோர்டில் ஸ்கேலை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பாட்டு முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள், அடுத்த பாட்டில் கிட்டார்காரர் திண்டாடக்கூடாது.

பயிற்சியில் எவ்வளவு நேரம் ஜெபம், எவ்வளவு நேரம் பாட்டு?

நேரத்தைப் பிரிப்பதற்கு முன்னால் வரிசையை யோசியுங்கள். முதலில் அந்த ஞாயிறுக்குரிய வேதபாடத்தைச் சேர்ந்து வாசிக்க வேண்டும். பாடல் தேர்வு அங்கிருந்துதான் பிறக்க வேண்டும். அந்த வசனத்தை வைத்துச் சுருக்கமாக ஜெபித்தால் போதும். ஒரு மணி நேரம் ஜெபித்துவிட்டு, மீதியிருக்கும் பத்து நிமிடத்தில் ஐந்து பாட்டை ஓட்டும் குழுவை எனக்குத் தெரியும். ஜெபமே இல்லாமல் மூன்று மணி நேரம் டெம்போவுக்காகச் சண்டை போடும் குழுவையும் தெரியும். ஞாயிறு காலையில் இரண்டு குழுவும் ஒரே மாதிரிதான் பதற்றத்தோடு நிற்கும்.

மெட்டையும் கார்டையும் வீட்டிலேயே கற்றுக்கொண்டு வர வேண்டும். புதன்கிழமையே பாடல்களையும் ஸ்கேலையும் ஒரு வாய்ஸ் நோட்டில் அனுப்பிவிடுங்கள். கூடிப் பயிற்சி செய்வது சேர்ந்து செய்ய வேண்டியவற்றுக்கு: எப்படி ஆரம்பிப்பது, எங்கே சேர்வது, எங்கே அடங்குவது, ஒரு பாட்டிலிருந்து அடுத்ததுக்கு எப்படிப் போவது. தடுமாற்றம் பெரும்பாலும் பாட்டின் நடுவில் வருவதில்லை. தொடக்கத்திலும் முடிவிலும்தான் வரும். அதனால் முழுப் பாட்டையும் ஐந்து முறை பாடுவதற்குப் பதில் ஆரம்ப வரியையும் கடைசி வரியையும் பத்து முறை பாடிப் பாருங்கள்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது: பாட்டை முதலில் மெட்டில்லாமல் சத்தமாக வாசியுங்கள். மூச்சு எங்கே வாங்குவது என்பது அப்போதுதான் தெரியும். "நீர் என்னை மறப்பதும் இல்லை" என்ற ஒரு வரியில் "மறப்பதும்" என்று நிறுத்தி நீளமாக மூச்சு வாங்கினால், அந்த இடைவெளியில் மக்கள் கேட்டது நேர் எதிர்ப் பொருளை. "நீரே வழி" என்பது மைக்கில் "நீரே வலி" என்று கேட்கக்கூடாது. உச்சரிப்பைக் கவனிப்பது பண்டிதத்தனம் என்று நினைக்க வேண்டாம். கருத்தோடும் பாடுவேன் என்று 1 கொரிந்தியர் 14:15ல் பவுல் சொல்வதற்கு இது முதல் படி.

எல்லாவற்றையும் முன்பே திட்டமிட்டால் ஆவியானவருக்கு இடம் எங்கே?

பெந்தெகொஸ்தே சபைகளில் இதை உண்மையான கவலையோடு கேட்பார்கள். ஆனால் நடைமுறையில் பாருங்கள்: பாட்டு நடுவே நடத்துகிறவர் திடீரென்று ஒரே வரியில் நின்று, அதையே மெதுவாகத் திரும்பப் பாட விரும்புகிறார். யாரால் கூடப் போக முடியும்? பாட்டை மனப்பாடமாகக் கற்று, தாளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்து வாசிக்கிறவரால் மட்டும்தான். பயிற்சி குறைந்த குழுவுக்குத் தாளில் இருப்பதைத் தவிர வேறு வழி தெரியாது. ஆக, சுதந்திரமாக நகரப் பயிற்சிதான் இடம் கொடுக்கிறது.

அதற்குச் சின்னச் சைகைகள் வைத்துக்கொள்ளுங்கள். பல்லவிக்குத் திரும்ப ஒரு விரல், முடிக்க மூடிய கை, அடக்கி வாசிக்க உள்ளங்கை கீழே. குழு முழுவதற்கும் இது தெரிந்திருந்தால் நடத்துகிறவர் நடுவில் மைக்கில் "தம்பி, திரும்ப வாசிங்க" என்று சொல்ல வேண்டியிருக்காது. அந்த ஒரு வாக்கியம் ஜெபத்தில் இருந்த நூறு பேரை எழுப்பிவிடும்.

சத்தம் அதிகம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இளைஞர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

பெரும்பாலும் பெரியவர்கள் சொல்வது சரி. இதை அளந்தே பார்க்கலாம். போனில் டெசிபல் ஆப் இருக்கிறது, துல்லியம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நிலைமை தெரியும். வேலையிடங்களுக்கு வல்லுநர்கள் பரிந்துரைக்கும் ஒரு கணக்கு: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் ஏறத்தாழ 15 நிமிடம்தான். ஷீட் போட்ட சின்ன ஹாலில் டிரம்ஸும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் வைத்தால் இந்த அளவு எளிதாக வந்துவிடும். குழந்தைகள் ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் பாயில் உட்கார்ந்திருப்பார்கள்.

காது ஒருபுறம் இருக்கட்டும். மக்களுக்குத் தங்கள் குரலும் பக்கத்தில் இருப்பவர் குரலும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்குவார்கள். ஆராதனை அந்த நிமிடமே கச்சேரி ஆகிவிடுகிறது, யாரும் அப்படி நினைக்காவிட்டாலும்.

கட்டடத்துக்குக் கட்டடம் வித்தியாசம் உண்டு. புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா 1907ல் அர்ச்சிக்கப்பட்ட கோதிக் பாணி ஆலயம். அந்த மாதிரி உயரமான கூரையும் கல்லும் காரையுமான சுவர்களும் உள்ள இடத்தில் சத்தம் உடனே அடங்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே வேகமான டிரம்ஸ் அடித்தால் ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்தது வந்து எல்லாம் கலங்கிவிடும். டெம்போவைக் குறையுங்கள், பேஸைக் குறையுங்கள், சொற்களுக்கு இடையே மூச்சு விடுங்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. முன்னால் பாடுவது 34 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகத்தான் கேட்கும், அவர் குரல் திரும்பி வர இன்னொரு பங்கு. "பின்னால் இருப்பவர்கள் இழுக்கிறார்கள்" என்று பாடற்குழு குறை சொல்வதில் பாதி இதுதான், அவர்கள் மேல் தப்பில்லை.

மிக்சரில் உட்காருகிறவரையும் குழுவில் ஒருவராக வையுங்கள். ஜெபத்துக்கும் பயிற்சிக்கும் அவரையும் கூப்பிடுங்கள். பாட்டு தெரியாத ஒருவர் கையில் முழுக் குழுவின் குரலையும் கொடுத்துவிட்டு நல்லது நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கத்தோலிக்கத் திருப்பலியில் பாடற்குழு குறிப்பாகக் கவனிக்க வேண்டியது என்ன?

திருப்பலிக்கு ஒரு ஓட்டம் இருக்கிறது, பாட்டு அதற்குள் வருகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு மக்களின் முழுமையான, உணர்வுபூர்வமான, செயல்முறைப் பங்கேற்பை வற்புறுத்துகிறது. பாடற்குழு அதற்கு உதவ வேண்டும், மக்களுக்குப் பதிலாகப் பாடிவிடக்கூடாது. பதிலுரைப் பாடலின் பல்லவியையும் "தூயவர்" பாடலையும் மக்கள் பாட முடியாத புது மெட்டில் போடுகிற குழுக்கள் இதை யோசிக்க வேண்டும்.

சில விதிகள் பலருக்குத் தெரிவதில்லை. குருவானவர் நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது இசைக்கருவிகள் மௌனமாக இருக்க வேண்டும், பின்னணியில் மெல்லிய கீபோர்டுகூடக் கூடாது. தவக்காலத்தில் கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டும்தான், தனியாக இசைக்கக்கூடாது (தவக்காலம் நான்காம் ஞாயிறும் பெருவிழா, விழா நாட்களும் விலக்கு). குருவானவர் நற்கருணை உட்கொள்ளும்போதே திருவிருந்துப் பாடல் தொடங்க வேண்டும், வரிசை நகரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. திறமையான வாசிப்பாளருக்கு வாசிக்காமல் இருப்பதுதான் கடினம். ஒரு இளைஞன் அந்த மௌனத்தை மனதார ஏற்கக் கற்றுக்கொள்கிறான் என்றால் அவன் பக்தியைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன்.

பழைய கீர்த்தனைகளா, புதுப் பாடல்களா?

இரண்டும். ஆனால் கீர்த்தனைகளை நாம் பாடும் விதம் எனக்கு வருத்தம் தருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடமே கடலூர்தான். கீர்த்தனையும் ஞானப்பாட்டும் இந்த ஊர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக இசையின் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பிலேயே இவற்றைச் செய்தார்கள். பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கீர்த்தனைக்கும் மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். அந்த வரியை யாரும் பார்ப்பதில்லை. ஏழு எண்ணிக்கையில் வரும் மிஸ்ர சாபு தாளப் பாட்டுக்குக் கீபோர்டில் நாலு எண்ணிக்கை ஸ்டைலைப் போட்டுவிட்டு, சொற்களை இழுத்தும் நசுக்கியும் அதற்குள் திணிக்கிறார்கள். பிறகு "கீர்த்தனை போர்" என்கிறார்கள் பிள்ளைகள். கீர்த்தனை மேல் பழி போடுவது அநியாயம்.

ஒருமுறை ஸ்டைலை அணைத்துவிட்டு, சுருதி மட்டும் பிடித்து, கையால் தாளம் போட்டுப் பாடிப் பாருங்கள். கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) நிறைந்த ராகங்களுக்கு வரிக்கு வரி கார்டு மாற்ற வேண்டாம், ச-வும் ப-வும் நிற்கும்படி ஒரே கார்டைப் பிடித்தாலே அழகாக இருக்கும். தபேலாவோ மிருதங்கமோ வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் அவரை முன்னால் உட்கார வையுங்கள். இரண்டு கிழவர்கள் இருக்கும் சபையில்கூட இந்த மெட்டுகளைச் சரியாகத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அவர் இருக்கும்போதே போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

புதுப் பாடலைப் பொறுத்தவரை எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதையே மூன்று ஞாயிறு தொடர்ந்து பாடுங்கள், மக்களுக்குப் பழகும்.

கூலிக்கு வாசிக்க வருகிற கலைஞர்களை அழைக்கலாமா? சிலர் கிறிஸ்தவர்களே இல்லை.

பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் நம் பக்கம் இது வழக்கம். எனக்கு மறுப்பில்லை. பாடுகிறவர்களுக்குச் சம்பளமா என்று கேட்கிறவர்கள் நெகேமியா 13:10ஐப் படிக்கட்டும். லேவியருக்கும் பாடகருக்கும் சேர வேண்டிய பங்கைச் சபை கொடுக்காததால் அவர்கள் வயலுக்கு வேலை செய்யப் போய்விட்டார்கள் என்று இருக்கிறது. நெகேமியா கோபித்தது அவர்களை அல்ல, கொடுக்காத அதிகாரிகளை.

வரும் கலைஞருக்குப் பேசிய பணத்தை அன்றே மரியாதையாகக் கொடுங்கள். பாட்டு எதைப் பற்றியது என்பதை முன்பே இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். புனித வெள்ளியன்று பாடுகளைப் பற்றிய பாட்டு என்று தெரிந்தால் எந்த நல்ல தபேலாக்காரரும் தானாகவே கையை அடக்குவார். அவரை ஜெபிப்பதுபோல நடிக்கச் சொல்லாதீர்கள். ஆனால் வாராவாரம் வெளியாட்களை நம்பியே சபை ஓடுகிறது என்றால், நம் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

பாடி முடித்ததும் கைதட்டல், பாராட்டு, ரீல்ஸ். இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்வது?

பாராட்டினால் "நன்றி அண்ணே" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். "நான் ஒன்றுமே இல்லை, எல்லாம் அவரே" என்று நீட்டினால் பாராட்டியவருக்குத்தான் சங்கடம்.

உள்ளே நடப்பது வேறு. கி.பி. 400 வாக்கில் புனித அகுஸ்தீனார் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் இதைத்தான் எழுதுகிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தன்னை அதிகமாக அசைத்தால் அது தன் குற்றம் என்று ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் மதம் மாறிய புதிதில் ஆலயத்தின் பாட்டைக் கேட்டுத் தான் அழுததை நினைத்து, ஆலயத்தில் பாட்டு வேண்டும் என்ற பக்கமே சாய்கிறார். அவரே இரண்டுக்கும் நடுவில் தவித்தார் என்றால் நமக்கும் அந்தத் தவிப்பு இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரீல்ஸ்: ஆராதனை நடக்கும்போது குழுவில் இருப்பவர் கையில் போன் வேண்டாம். மற்றதை உங்கள் போதகரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

சிறுவர்களை எந்த வயதில் சேர்க்கலாம்?

எந்த வயதிலும். மைக் மட்டும் தாமதமாகக் கொடுங்கள். பையன்களுக்குக் குரல் உடையும் காலத்தில் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், ஷேக்கரோ தாளமோ கொடுத்து உட்கார வையுங்கள்.

கரண்ட் இல்லை, கருவி இல்லை என்றால் குழு என்ன செய்யும்?

நம் கடற்கரையில் இது கற்பனைக் கேள்வி இல்லை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. மறுநாள் இரவு புத்தாண்டு ஆராதனை. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. விடிந்தால் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு.

ஆகவே மாதத்தில் ஒரு பாட்டையாவது கருவியே இல்லாமல் சபையோடு பாடிப் பழகுங்கள். ஸ்ருதி பிடிக்க ஒரு பிட்ச் பைப்போ, நம்பகமான காதுள்ள ஒருவரோ போதும். கருவி நின்ற பிறகும் சபை தொடர்ந்து பாடுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தபேலாவும் மிருதங்கமும் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும், வெளியே எடுத்ததும் வாசிக்காமல் முன்னதாகவே வந்து சுருதி கூட்டுங்கள். உப்புக்காற்றில் கிட்டார் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து உறையில் போடுங்கள்.

எனக்குள் எந்த உணர்வும் இல்லை. மனது வறண்டு கிடக்கிறது. இந்த நிலையில் நின்று பாடுவது வேஷம் இல்லையா?

இல்லை. வீட்டில் நோயாளி, கடன், ஆறாத துக்கம் என்று எதையாவது சுமந்துகொண்டுதான் பலரும் ஆலயத்துக்கு வருகிறார்கள். குழுவில் இருப்பவர்களும் அதே மக்கள்தான். சங்கீதப் புத்தகத்தில் பெரும் பங்கு புலம்பல்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று ஆரம்பிக்கும் 13ஆம் சங்கீதத்தைப் பாடியவர் மகிழ்ச்சியாக இருந்திருக்க முடியாது. அதையும் ஆராதனையில் பாடினார்கள்.

உணர்வு வரவில்லையே என்று முகத்தில் அதை வரவழைப்பதுதான் வேஷம். அதைச் செய்யாதீர்கள். சொற்களைத் தெளிவாகச் சொல்லுங்கள், தாளத்தில் நில்லுங்கள், பக்கத்தில் பாடுகிறவரைக் கேளுங்கள். அந்த வாரங்களில் பயிற்சி உங்களைத் தாங்கும், கற்றுக்கொண்ட பாட்டு உங்கள் மனநிலை எப்படி இருந்தாலும் வாயிலிருந்து வரும். இது பல வாரங்கள் தொடர்ந்தால் குழுத் தலைவரிடம் சொல்லி ஒரு மாதம் மக்களோடு மக்களாக உட்காருங்கள். உங்கள் இடம் அப்படியே இருக்கும் என்று தலைவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பலர் ஓய்வு கேட்காததற்குக் காரணமே, திரும்பி வந்தால் மைக் வேறொருவர் கையில் இருக்குமோ என்ற பயம்தான். முறை போட்டுக் குழுவை நடத்துகிற சபைகளில் அந்தப் பயம் குறைவு.